நன்கொடை வாங்கியாயிற்று, ஏரியில் மூச்சு முட்டுகிறது

கேள்வி: எனக்கு 43 வயது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்காக நிதி திரட்டும் ஏரி நீச்சல் ஒன்றில் 2 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் 14 வாரம் இருக்கிறது. 25 மீட்டர் குளத்தில் 40 லேப் போவேன். நாலு லேப்புக்கு ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவேன். போன ஞாயிறு முதல்முறையாக ஏரியில் இறங்கினேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கீழே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. எப்படியோ கைகாலை அடித்துக்கொண்டு கரைக்குத் திரும்பினேன். வீட்டில் சொல்லவில்லை. இதற்குள் அலுவலகத்திலும் உறவிலும் பாதித் தொகை சேர்ந்துவிட்டது. முடிக்காமல் போனால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது மேடம்? குளத்தில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் சரியாகிவிடுமா? உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் உடையான வெட்சூட் போட்டு நீந்துவது ஏமாற்று வேலையா? ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு மாத்திரையைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். அடுத்த முறை ஏரியில் கால் வைப்பதற்கு முன்னால் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். "நீச்சல் போகலாமா டாக்டர்?" என்று கேட்டால், "தாராளமாகப் போங்க, நல்ல உடற்பயிற்சி" என்றுதான் சொல்வார். அப்படிக் கேட்காதீர்கள். "குளிர்ந்த ஏரியில், கால் எட்டாத ஆழத்தில், ஒரு மணி நேரம் நிறுத்தாமல் நீந்தப் போகிறேன். போன வாரம் நீந்தும்போது நெஞ்சை இறுக்கியது. இந்த மாத்திரை சாப்பிடுகிறேன். இதயத்தைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டுமா?" என்று முழுசாகக் கேளுங்கள். நீங்கள் அனுபவித்தது பெரும்பாலும் குளிரும் பயமும் சேர்ந்து செய்த வேலையாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் வயதில், அழுத்த மாத்திரையும் இருக்கும்போது, நெஞ்சு இறுக்கத்துக்குக் காரணம் சொல்வது நீச்சல் பயிற்சியாளரின் வேலை இல்லை.

குளிர்ந்த நீர் மேலே பட்டதும் தோலுக்கடியில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், இதயம் வேகமாக அடிக்கும். அதே நேரம் முகம் நீரில் அமிழ்ந்து மூச்சும் அடங்கினால், இதயத்தை மெதுவாக அடிக்கச் சொல்லும் இன்னோர் அனிச்சைச் செயல் கிளம்பும். ஓடு என்றும் நில் என்றும் ஒரே நேரத்தில் இரண்டு கட்டளை. நல்ல இதயம் பொதுவாகச் சமாளித்துவிடும். ஏற்கெனவே கோளாறு உள்ள இதயத்தில் துடிப்பு தாளம் தப்பலாம். அழுத்த மாத்திரைகளில் ஒரு வகை, இதயத்துடிப்பை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாது. அதைச் சாப்பிடுகிறவர் சீக்கிரம் களைத்துவிட்டு, தனக்கு நுரையீரல் பலம் போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ தள்ளிப்போடவோ வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். திறந்த நீரில் நீந்தும்போது சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். குடித்த ஏரித் தண்ணீர் அல்ல, உடம்பின் நீரே ரத்தக்குழாயிலிருந்து கசிந்து அங்கே சேர்வது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இதன் வாய்ப்பு கூடுதல். நீந்தும் வேகத்துக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு, விடாத இருமல், மூச்சு விடும்போது நெஞ்சில் கரகரவென்று சத்தம், சிலருக்கு இளஞ்சிவப்பாக நுரைத்த சளி. இதில் எது வந்தாலும் அன்றைக்கு நீச்சல் முடிந்தது, நேரே மருத்துவமனை. கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுத் தொடரலாம் என்ற யோசனையே கூடாது.

சரி, இப்போது பணம். உங்கள் கடிதத்தைப் படித்தால், ஏரியைவிட அலுவலக முகங்களைக் கண்டுதான் உங்களுக்குப் பயம் அதிகம் என்று தெரிகிறது. எனக்குக் கவலை தருவதும் அதுதான். நன்கொடைக்கான நீச்சல்களில் மீட்புப் படகில் உட்கார்ந்திருக்கிறேன். பதக்கத்துக்காக நீந்துகிறவர் இன்றைக்கு நாள் சரியில்லை என்று தெரிந்தால் விட்டுவிடுவார். அடுத்த போட்டி இருக்கிறது. ஒரு குழந்தையின் சிகிச்சையைச் சொல்லிப் பணம் வாங்கியவர் விடமாட்டார். பக்கத்தில் போய், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்பார். சொல்லும்போது நாக்கு குழறும். உதடு நிறம் மாறியிருக்கும். விரல்கள் ஒன்றோடொன்று சேராமல் விரிந்து நிற்கும், அதனால் கை நீரைத் தள்ளாமல் தடவிக்கொண்டிருக்கும். கால் தாழ்ந்து உடம்பு கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கும். அப்படி ஒருவரைப் படகோடு சேர்த்துப் பிடித்தபோது, ஒரு கை விளிம்பைப் பற்றியிருக்க, மறு கை இன்னும் நீந்திக்கொண்டே இருந்தது. குளிர் ஏற ஏற முதலில் மங்குவது, நிறுத்தலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் புத்திதான். ஆகவே அந்தத் தீர்மானத்தை நீரில் எடுக்க முடியாது. கரையில், இப்போதே எடுத்து வைக்க வேண்டும்.

உங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். நீங்கள் 1,400 மீட்டரில் படகேறினால், அவர்களுடைய பணம் வழியில் நின்றுவிடப் போவதில்லை. இதை நீங்கள் மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதாது, அவர்களுக்கும் எழுதிவிடுங்கள். நாலு வரி போதும்: "2 கிலோமீட்டர் நீந்த முயற்சி செய்கிறேன். உடல்நிலையோ வானிலையோ ஒத்துழைக்காவிட்டால் பாதியில் கரையேறிவிடுவேன். அப்படி நடந்தாலும் நீங்கள் கொடுத்த தொகை முழுவதும் குழந்தைகளுக்கே போகும். இது சம்மதமில்லை என்றால் இப்போதே சொல்லுங்கள், திருப்பித் தந்துவிடுகிறேன்." யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று யாராவது வாக்குக் கொடுத்திருந்தால், அதை மொத்தத் தொகையாக மாற்றித்தரச் சொல்லுங்கள். தூரத்தோடு பணத்தை முடிச்சுப் போடுவது கேட்க உற்சாகமாகத்தான் இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

ஏற்பாட்டாளர்களிடமும் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். இடி மின்னலாலோ நீர் கெட்டுப்போனதாலோ நிகழ்ச்சி ரத்தானால் நன்கொடை என்ன ஆகும்? பதிவுக் கட்டணம் தனியா, அல்லது திரட்டும் பணத்திலிருந்து கழிப்பார்களா? வசூல் உங்கள் சொந்தக் கணக்கில் விழாமல் நேரே அறக்கட்டளைக் கணக்குக்கே போகும்படி செய்துகொண்டால், பின்னால் ஒவ்வொருவருக்கும் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பாதியில் ஏறுவது கேவலம் என்று நினைத்தால் ஆங்கிலக் கால்வாயின் கதையைப் பாருங்கள். செயற்கை உதவி எதுவும் இல்லாமல் அதை முதலில் நீந்திக் கடந்த மேத்யூ வெப், 1875 ஆகஸ்ட் 12ஆம் தேதி இறங்கியபோது காற்றும் கடலும் சரியில்லாமல் பாதியில் விட்டுவிட்டார். அதே மாதம் 24ஆம் தேதி மறுபடி இறங்கி, 21 மணி 45 நிமிடம் நீந்தி, மறுநாள் மறுகரை சேர்ந்தார். அந்தக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண்ணான ஆரதி சாஹாவும் 1959 ஆகஸ்டில் எடுத்த முயற்சியைக் கைவிட வேண்டிவந்தது. அடுத்த மாதம், செப்டம்பர் 29 அன்று முடித்தார். கால்வாய் நீச்சல்காரர்களிடம் பேசிப் பார்த்தால், பாதியில் படகேறியதை வெட்கப்படாமல் சொல்வார்கள்.

இனி ஏரியில் உங்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். மருத்துவர் இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டால், மிச்சம் இருப்பது இதுதான். குளத்து நீர் பெரும்பாலும் 26 முதல் 28 டிகிரி இருக்கும். ஏரி அதைவிடப் பல டிகிரி குறைவாக இருந்திருக்கும். காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகத்தில் உடம்பின் சூட்டை இழுக்கும். தோல் திடீரென்று குளிர்ந்ததும் "ஹா" என்று ஒரு மூச்சு தானாக உள்ளே போகும்; பின்னாலேயே நம் கட்டுப்பாட்டில் இல்லாத வேக மூச்சு தொடரும். அந்த நேரத்தில் நீங்கள் முகத்தை நீருக்குள் வைத்து ஃப்ரீஸ்டைல் போட முயன்றிருப்பீர்கள். மூச்சை வெளியே விடவே நேரமில்லாமல் மேலும் மேலும் உள்ளே இழுத்திருப்பீர்கள். நிறைந்த நெஞ்சுக்குள் இன்னும் காற்றைத் திணித்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். காற்று போதவில்லை என்று தோன்றும், ஆனால் பழைய காற்று வெளியே போகாததுதான் சிக்கல். இதற்கும் உங்கள் நுரையீரலின் கொள்ளளவுக்கும் சம்பந்தமில்லை.

இந்தக் குளிர் அதிர்ச்சி முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் தணிந்துவிடும். நீரில் இறங்கியதும் பதறி மூழ்குகிறவர்களில் பலர், அந்த மூன்று நிமிடத்தைக் கடக்காதவர்கள். நல்ல சேதி ஒன்று உண்டு. குளிர்ந்த நீரில் சில நிமிடங்களாக ஐந்தாறு முறை இறங்கி ஏறினாலே இந்த அதிர்ச்சி கணிசமாகக் குறைந்துவிடும், அந்தப் பழக்கம் பல மாதம் தங்கும். ஆகவே நீங்கள் ஏரிக்குப் போக வேண்டியது தூரம் நீந்துவதற்கு அல்ல, இறங்குவதற்கு.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். தனியாகப் போகாதீர்கள். இது யோசனை அல்ல, நிபந்தனை. கூட நீந்தும் ஒருவர் அல்லது கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் வரும் ஒருவர், கரையில் போனோடு இன்னொருவர். இடுப்பளவு நீரில் நின்று முகத்திலும் பிடரியிலும் நீரை அள்ளி விடுங்கள். கழுத்தளவு இறங்கி, "ஊஊ" என்று வாயால் நீளமாக மூச்சை விடுங்கள். உள்ளே இழுப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், அது தானே நடக்கும். ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா என்று கூட வந்தவரிடம் பேசிப் பாருங்கள். பேச்சு வந்தபிறகு மல்லாந்து மிதங்கள்: காது நீருக்குள், தாடை வானத்தைப் பார்த்து, கை இரண்டும் விரிந்து, கால் லேசாக அசைந்தால் போதும். ஒரு நிமிடம் அப்படியே கிடங்கள். அப்புறம்தான் கவிழ்ந்து நீந்துவது. முதல் இரண்டு மூன்று வாரம் கரையோரமாக, எழுந்து நின்றால் கால் எட்டும் ஆழத்தில், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி மல்லாந்து மிதந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பதற்றம் வந்தால் செய்ய வேண்டியது இதுதான். பதற்றம் இல்லாத நாளில் பழகியிருந்தால்தான் வந்த நாளில் உடம்புக்கு நினைவு வரும்.

கீழே ஒன்றும் தெரியவில்லை என்பது கிட்டத்தட்ட எல்லோரும் சொல்லும் குறை. குளத்தின் அடியில் ஓடும் கறுப்புக் கோடு நீங்கள் நகர்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஏரியில் அந்தச் சாட்சி இல்லை. பச்சையும் பழுப்புமாக ஒரே நிறம், உங்கள் கை வந்து வந்து போகும், அவ்வளவுதான். அடியைத் தேடாதீர்கள். முன்னால் நுழையும் கையைப் பாருங்கள், வாயிலிருந்து போகும் குமிழியைக் கவனியுங்கள், கை வீச்சை எண்ணுங்கள். பாசிக்கொடி காலில் பட்டால் உதறாதீர்கள், உதறினால் சுற்றிக்கொள்ளும். காலை நிறுத்திவிட்டு மெதுவாகக் கையால் மட்டும் நீந்தினால் பெரும்பாலும் தானே நழுவிவிடும்.

குளத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கலாமா என்று கேட்டீர்கள். 40 லேப் என்றால் ஆயிரம் மீட்டர், ஆனால் நீங்கள் ஆயிரம் மீட்டர் நீந்தவில்லை. ஒவ்வொரு சுவரையும் காலால் உந்தும்போது நாலு மீட்டர் இலவசமாகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 160 மீட்டர் சுவர் கொடுத்தது. நாலு லேப்புக்கு ஒருமுறை ஓய்வு வேறு. ஏரியில் சுவர் இல்லை. அதனால் லேப்பைக் கூட்டுவதற்கு முன்னால் சுவரைக் கழியுங்கள். சுவருக்கு இரண்டு மீட்டர் முன்பே, தொடாமல், நீருக்குள் வளைந்து திரும்புங்கள். மூச்சு வாங்க வேண்டுமென்றால் சுவரைப் பிடிக்காமல், நடுக் குளத்தில் மல்லாந்து மிதந்தோ தலை நிமிர்ந்த பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலோ ஓய்வெடுங்கள். முதல் வாரம் 600 மீட்டர்கூட வராது. வராவிட்டால் பரவாயில்லை, அதுதான் உங்கள் உண்மையான அளவு.

வேகத்தைக் குறையுங்கள். நாலு லேப்பில் மூச்சு வாங்குகிறது என்றால், பெரும்பாலும் முதல் லேப்பை அவசரமாகப் போகிறீர்கள். பக்கத்தில் நீந்துகிறவரோடு பேசிக்கொண்டே போகலாம் என்கிற அளவு சோம்பலாகத் தொடங்குங்கள். காலை அதிகம் அடிக்காதீர்கள்; தொடையின் பெரிய தசைகள் தின்னும் ஆக்ஸிஜனுக்கு ஏற்ற வேகம் நம்மைப் போன்றவர்களுக்குக் காலிலிருந்து கிடைப்பதில்லை. நீருக்குள் முழுதாக மூச்சை விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் மூச்சு எடுக்கப் பழகுவது நல்லது, அழகுக்காக அல்ல: அன்றைக்கு அலை வலப்பக்கம் இருந்து அடித்தால் இடப்பக்கம்தான் காற்று கிடைக்கும்.

வாரத்துக்கு மூன்று நாள் குளம், ஒரு நாள் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் ஒரு நாள் நீளமான நிதான நீச்சல். வாரா வாரம் 100, 150 மீட்டர் கூடட்டும், நாலாவது வாரம் கொஞ்சம் குறைத்து உடம்புக்கு இடம் கொடுங்கள். ஒரு நாள் 200 மீட்டர் துண்டுகளாக, சின்ன இடைவெளியோடு. இன்னொரு நாள் விளையாட்டு மாதிரி: ஒரே லேனில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு நீந்துவது, கால் மேல் கை படுவது, காகிள்ஸில் நீர் புகுந்தபின்னும் நிறுத்தாமல் போவது, மிதந்தபடியே காகிள்ஸைக் கழற்றி மாட்டுவது. தோள் வலித்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள். தசைக் களைப்பு இரண்டு நாளில் போகும், தோள் மூட்டுக்குள் குத்தும் வலி போகாது. பத்து, பதினோராம் வாரத்தில் சுவரைத் தொடாமல் 1,600 மீட்டர் வந்துவிட்டால் 2 கிலோமீட்டர் வந்துவிடும். கடைசி வாரம் பாதி போதும். புதிதாகப் பலம் சேர்க்க அந்த வாரத்தில் ஒன்றும் செய்ய முடியாது, களைப்பை மட்டும்தான் சேர்க்கலாம்.

ஒரு கணக்கும் போட்டு வையுங்கள். 100 மீட்டருக்கு இரண்டரை நிமிடம் ஆகிறது என்றால், 2 கிலோமீட்டருக்குக் குளத்தில் 50 நிமிடம். ஏரியில் காற்று, கூட்டம், கோணல் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் என்று வையுங்கள். ஏற்பாட்டாளர்கள் வைத்திருக்கும் நேர வரம்பு அதைவிடத் தாராளமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இப்போதே 1 கிலோமீட்டர் பிரிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

கோணல் என்றேனே, அதுதான் ஏரியில் தூரத்தைத் திருடுவது. கண்ணை மூடிக்கொண்டு குளத்தில் பத்து கை வீச்சு போட்டுப் பாருங்கள், எந்தப் பக்கத்துக் கயிற்றில் இடிக்கிறீர்கள் என்று தெரியும். ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு பக்கம் இழுக்கும். அதனால் ஆறு முதல் பத்துக் கை வீச்சுக்கு ஒருமுறை தலை நிமிர்த்தித் திசை பார்க்க வேண்டும். இதில் புதியவர்கள் செய்யும் தவறு, தலை முழுவதையும் வெளியே தூக்குவது. தலை ஏறினால் இடுப்பும் காலும் தாழும், பத்து முறை அப்படிச் செய்தால் கழுத்து வலிக்கும், நீச்சலும் நின்று நின்று போகும். முன் கை நீரை அழுத்தத் தொடங்கும் அந்தக் கணத்தில் முதலை மாதிரி கண் மட்டும் மேலே வரட்டும், வாயும் மூக்கும் நீரிலேயே இருக்கட்டும். பார்த்ததும் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து வழக்கம்போல மூச்சு எடுத்துக்கொண்டு முகத்தைக் கீழே வையுங்கள். பார்ப்பது ஒரு வேலை, மூச்சு எடுப்பது இன்னொரு வேலை. இரண்டையும் முன்னால் பார்த்தபடியே செய்யப் போனால் வாயில் தண்ணீர்தான் வரும். ஒரு பார்வையில் ஒன்றும் பிடிபடாவிட்டால், மூன்று கை வீச்சில் மூன்று முறை பாருங்கள், மூன்றும் சேர்ந்து ஒரு படம் கிடைக்கும்.

பாதையைக் காட்ட ஏரியில் நிறுத்தியிருக்கும் மிதவையை மட்டும் நம்பாதீர்கள். நீர்மட்டத்தில் கண் இருக்கும்போது சின்ன அலைகூட அதை மறைத்துவிடும். இறங்குவதற்கு முன் கரையில் நின்று, ஒவ்வொரு மிதவைக்கும் பின்னால் உயரமாக என்ன இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்: கோபுரம், தனி மரம், குன்றின் சரிவு. சூரியன் எதிரில் வரும் நேரமா என்றும் பாருங்கள். அப்படியானால் கறுப்புக் கண்ணாடிக் காகிள்ஸ்.

வெட்சூட் ஏமாற்று வேலை இல்லை. ஆங்கிலக் கால்வாய் நீச்சலின் மரபு விதியில் அதற்கு இடமில்லை, ஒரு நீச்சலுடை, ஒரு தொப்பி, காகிள்ஸ், அவ்வளவுதான். உங்களுடையது அந்த மாதிரிச் சாதனை நீச்சல் அல்ல. நிகழ்ச்சி விதி அனுமதித்தால், நீர் குளிராக இருந்தால், போடுங்கள். கதகதப்பும் தரும், காலையும் தூக்கிக் கொடுக்கும். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: இறுக்கமான வெட்சூட்டே நெஞ்சை அமுக்கி, அதிர்ச்சியில் வரும் அதே இறுக்கத்தை உண்டாக்கும். கணுக்காலில் இருந்து தொடங்கி, கவட்டி வரை, அக்குள் வரை மடிப்பு மடிப்பாக நன்றாக மேலே இழுத்துவிட்டால்தான் தோளும் கழுத்தும் தளரும். இறங்கியதும் கழுத்துப் பக்கம் விலக்கிக் கொஞ்சம் நீரை உள்ளே விடுங்கள். குறைந்தது நாலைந்து முறை ஏரியில் போட்டு நீந்தியிருக்க வேண்டும். நிகழ்ச்சியன்று முதல்முறையாகப் போடும் எதுவும் வேண்டாம்.

நீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஆபத்து மறுபக்கம். அப்போது வெட்சூட் உடம்பின் சூட்டை அடைத்து வைக்கும். உலக நீர்விளையாட்டு அமைப்பின் போட்டி விதி, 16 டிகிரிக்குக் கீழும் 31 டிகிரிக்கு மேலும் திறந்த நீர்ப் போட்டி நடத்தக்கூடாது என்கிறது. 2010இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்தது குளிர்ந்த நீரில் அல்ல, வெப்பமான நீரில். மற்றவர்கள் கரையேறிய பிறகுதான் அவர் இல்லை என்பதே கவனத்துக்கு வந்தது. இதிலிருந்து உங்களுக்கு ஒரு வேலை: நீங்கள் எந்த இடத்தில் கரையேறினாலும், பாதியில் ஏறினால் முக்கியமாக, ஏற்பாட்டாளர் ஒருவரைப் பார்த்து உங்கள் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் வீட்டுக்குப் போனால், நீங்கள் சோபாவில் இருக்கும்போது நாலு படகு ஏரியில் உங்களைத் தேடிக்கொண்டிருக்கும்.

பளிச்சென்ற நிறத் தொப்பியும் இடுப்பில் கட்டும் மிதவைப் பையும் பயிற்சியின்போதே இருக்கட்டும். அந்தப் பை உயிர்காக்கும் சாதனமாகச் செய்யப்பட்டதல்ல; படகுகள் உங்களைப் பார்ப்பதற்கு. மூச்சு வாங்க அதைப் பிடித்துக்கொள்ளலாம், அது வேறு. பெருமழை பெய்து ஓடிய கழிவெல்லாம் ஏரியில் சேர்ந்த இரண்டு மூன்று நாளில் இறங்காதீர்கள். பச்சைப் பெயின்ட் கொட்டியது போல மேற்பரப்பில் படலம் இருந்தால் அன்றைக்கு நீச்சல் இல்லை. காயம் இருந்தால் மூடுங்கள். நீந்தியபின் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஏரியில் நீந்தியதைச் சொல்லுங்கள், அந்தத் தகவல் இல்லாமல் எலிக்காய்ச்சலை அவர் யோசிக்காமல் போகலாம்.

நிகழ்ச்சி அன்று இரண்டு மூன்று மணி நேரம் முன்னால், வழக்கமாகச் சாப்பிடுவதையே அளவாகச் சாப்பிடுங்கள். தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துவிட்டு இறங்காதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது பற்றிச் சொன்னேனே, அதற்கு அதுவும் ஒரு காரணம் ஆகலாம். கழுத்து, அக்குள், தோள்வார் உரசும் இடங்களில் வாசலின் தடவுங்கள். தடவிய கையோடு காகிள்ஸைத் தொட்டால் கண்ணாடி முழுக்க மங்கல்தான், அதனால் காகிள்ஸ் முதலில் அல்லது வாசலின் வேறொருவர் கையால். உதவிக்கு என்ன சைகை என்று கரையில் சொல்வார்கள், பெரும்பாலும் ஒரு கையை உயர்த்தி ஆட்டுவது, கவனித்துக் கேளுங்கள்.

தொடக்கத்தில் முன்வரிசைக்குப் போகாதீர்கள். கூட்டம் புறப்பட்டு அரை நிமிடம் கழித்து, ஓரமாக, கழுத்தளவு நீரில் மூச்சு நிதானமான பிறகு போங்கள். முதல் ஐந்து நிமிடம் யார் வேண்டுமானாலும் உங்களைத் தாண்டிப் போகட்டும். நடுவில் உங்கள் வேகத்தில் ஒருவர் அகப்பட்டால் அவர் கால் குமிழிக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள், சக்தி நன்றாக மிச்சமாகும். ஆனால் அவரும் கோணலாகப் போகலாம், நீங்களும் திசை பார்த்துக்கொண்டே இருங்கள். கெண்டைக்கால் பிடித்தால் மல்லாந்து, பாத விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடியுங்கள்.

எப்போது நிறுத்துவது? இதைத்தான் இப்போதே எழுதி வைக்கச் சொன்னேன். நெஞ்சு வலி, விடாத இருமல், மிதந்து ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு, விரல்களைச் சேர்த்து வைக்க முடியாமை, அடுத்த மிதவை எது என்ற குழப்பம், நடுக்கம் இருந்து திடீரென்று நின்றுபோவது. இதில் ஒன்று வந்தால் கை உயரும், விவாதம் இல்லை. வீட்டில் இதை ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள். ஏரியில் திணறியதையும் சேர்த்தே சொல்லுங்கள். கரையில் நின்று உங்களைப் பார்க்கப் போகிறவருக்கு என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

கரையேறியதும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பிவிடாதீர்கள். குளிர்ந்த நீரிலிருந்து வந்த பிறகும் உடம்பின் உட்சூடு இன்னும் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போகும். நடுக்கம் உச்சத்துக்கு வருவது பல நேரம் கரையேறிப் பத்து நிமிடம் கழித்துத்தான். படம் எடுப்பது, பதக்கம் வாங்குவது எல்லாம் அப்புறம். முதலில் ஈர உடையைக் கழற்றி, துவட்டி, மேல்சட்டையிலிருந்து தொடங்கி உலர்ந்த துணி, தலைக்குக் கம்பளித் தொப்பி, கால் உறை. பொத்தான் போட விரல் கேட்காது, அதனால் தலைவழியாக மாட்டும் உடையாகப் பையில் மேலே வைத்திருங்கள். சூடான, இனிப்பான ஏதாவது மெதுவாகக் குடியுங்கள். உடனே வெந்நீர்க் குளியல் வேண்டாம், தோலுக்கு ரத்தம் பாய்ந்து தலைசுற்றி விழுந்துவிடுவீர்கள். நடுக்கம் முழுசாக நின்று, விரல்கள் சொன்னபடி கேட்கும்வரை வண்டி ஓட்டக்கூடாது. அன்றைக்கு வேறு ஒருவரை ஓட்டச் சொல்லி முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.